ரிப்பன் என்கிற மாடும் பதினோராம் கேள்வியும்

"சம்பளமா? இந்த மாடு சம்பளமா? வாத்தியாரே, கண்ணை நல்லாத் தொறந்து பாரும். எந்த ஊர்ல சம்பளம் சாணி போடுது?"

தாப்லெலேயின் குரல் தேவாலயத்து மணிக்கு மேல் கேட்டது. நான் அவர்கள் வேலியோரம் கீரை பறித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலியோரத்தில் கீரை எப்போதும் நன்றாக வளரும். சண்டை நாட்களில் இன்னும் நன்றாக வளரும்.

"சாணி போடறதுதான் பிரச்சனையே, ஜெசிரே அம்மா," என்றார் யாட்டோர் வாத்தியார். "ஒரு கோப்பை குடுத்திருந்தா அலமாரியில வெச்சு மறந்திருக்கலாம். போர்வை குடுத்திருந்தா போத்திக் கிழிச்சிருக்கலாம். இது வாசல்ல நின்னு போறவன் வர்றவனையெல்லாம் பாக்குதே!"

மாடு உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தது. பழுப்பும் வெள்ளையுமாக, நல்ல மடியோடு, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்த மாதிரி அசைபோட்டது.

யாட்டோர் வாத்தியார் எங்கள் மேட்டில் இருக்கும் பெண்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். இளமையில் அவரே ஓட்டத்துக்காக அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இடம் வாங்கிப் போனவர். ஒரு வருடத்தில் முழங்கால் போய்த் திரும்பி வந்தார். அதிலிருந்து தன் காலால் முடியாததை மற்றவர்கள் காலால் முடிக்கிறார். இந்த வருடம் அவர் பிடித்த கால்கள் ஜெசிரேயுடையவை. சபை மூப்பர் செபோய்க்கும் தாப்லெலேக்கும் மூத்த மகள், பதினெட்டு வயது. ஐயாயிரம் மீட்டர் ஓடி முடித்துவிட்டு மூச்சு வாங்காமல் வீட்டுக்குப் போய்ப் பால் கறக்கிற பெண். சோளம் விளைகிற ஏதோ ஒரு மாநிலத்தின் கல்லூரி அவளுக்கு நான்கு வருடப் படிப்பு, படுக்கை, சாப்பாடு, புத்தகம் எல்லாம் தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் இருபத்து நான்கு கேள்விகள். பத்துக் கேள்விகளை வாத்தியாரும் ஜெசிரேயும் என் டீக்கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே நிரப்பினார்கள். பதினோராவதில் சிரிப்பு நின்றது.

"ஓடியதற்காக, உன் செலவுக்கு மேற்பட்டு, பணமோ பொருளோ எப்போதாவது பெற்றிருக்கிறாயா?" ஆமாம் என்று எழுதினால் சம்பளத்துக்கு ஓடினவள் என்று ஆகிவிடும், இடம் கிடைக்காது என்பது வாத்தியாரின் பயம்.

"செலவுக்கு மேற்பட்டுன்னுதானே போட்டிருக்கு," என்றார் மூப்பர் செபோய். சண்டையில் அதுவரை அவர் வாயைத் திறக்கவில்லை. "அப்ப செலவைக் கழிச்சுப் பாக்கலாமே."

"என்ன செலவு மூப்பரே? பந்தயத்துக்கு நடந்து போனா. நடந்து வந்தா. வழியில ஒரு வாழைப்பழம் தின்னா. அதுவும் நான் வாங்கிக் குடுத்தது. மாட்டுல ஒரு வாழைப்பழத்தைக் கழிச்சா என்ன வரும்? மாடுதான் வரும்."

அந்தப் பந்தயம் நடந்து இரண்டு வருடம். மர அறுவை மில்லும் உருளைக்கிழங்கு லாரிகளும் வைத்திருக்கும் தாலாம், இறந்துபோன தன் அப்பா நினைவாக நடத்தினார். அப்போதே அவர் மாவட்ட சபைத் தேர்தலுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்ததற்கும் இந்த அப்பா பாசத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவரே பலமுறை மேடையில் சொல்லியிருக்கிறார். பெண்களில் முதலாவதாக வருகிறவளுக்கு ஒரு கிடாரி. கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஜெசிரே கட்டைவிரலுக்கு இடம் வெட்டிய பள்ளிக்கூட ஷூவில் ஓடி ஜெயித்தாள். மாட்டுக்கு ரிப்பன் என்றே பெயர் நிலைத்தது. இப்போது ரிப்பனுக்கு ஒரு வயதுக் கிடாரிக் கன்று இருந்தது. மறுபடியும் சினை.

"அம்மா, மாட்டைத் திருப்பிக் குடுத்துடலாம்." கறவை வாளியோடு நின்ற ஜெசிரே அப்போதுதான் பேசினாள். "எனக்கு மாடு வேணாம். நான் இங்கேயே இருந்தா என்ன ஆவும்? பயிற்சி முகாம்ல முப்பது பெண்ணுங்களோட சேர்ந்து, வெளிநாட்டுப் பந்தயத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போவ யாராவது ஏஜெண்ட் வருவானான்னு ஓடிக்கிட்டிருப்பேன். வரலேன்னா யாருக்காவது கட்டிக் குடுத்துடுவீங்க. எனக்குப் படிப்பு வேணும்."

"நீ ஓடு. பேசறதை நான் பேசிக்கறேன்," என்றாள் தாப்லெலே. "ஜெயிச்ச மாட்டைத் திருப்பிக் குடுத்த வீடுன்னு பேர் வாங்கவா? கன்னு போட்ட மாட்டை! தம்பிகளுக்குப் பால் உங்க அமெரிக்கா வந்து ஊத்துமா? இல்லேன்னு எழுதுங்க வாத்தியாரே. ஒரே வார்த்தை. அந்தக் கல்லூரி என்ன, மாட்டைப் பாக்கவா வரப்போவுது?"

"வரவேணாம். அன்னிக்கு மாட்டோட நின்னு போட்டோ எடுத்தீங்களே, அது பேப்பர்ல வந்துச்சு. கீழ பேரும் போட்டிருந்தான். மாட்டுக்கும் சேத்து."

மூப்பர் தொண்டையைக் கனைத்தார். "இல்லேன்னு எழுதினா அது பொய். ஞாயித்துக்கிழமை நான் பிரசங்க மேடைக்குப் பக்கத்துல உக்காரணும்."

அப்போது தாலாமும் எங்கள் ஊர் அதிகாரி சீஃப்பும் என் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை யார் கூட்டி வந்தது என்று பின்னால் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். கீரையைக் கடையில் வைத்துவிட்டு வரப் போன இடத்தில், மூப்பர் வீட்டில் உங்கள் மாடு பேச்சாக இருக்கிறது என்று நான் சொன்னது உண்மைதான். எழுந்து வந்தது அவர்கள்.

தாலாம் வேலியைத் தாண்டும்போதே கை நீட்டிக்கொண்டு வந்தார். வாக்குக் கேட்டுப் பழகிய கை. "என்ன மூப்பரே, நம்ம மாட்டுக்கு உடம்புக்கு ஆவலையா?"

விஷயத்தைச் சொன்னார்கள். எங்கள் சீஃப் அரசாங்க முத்திரை வைத்திருக்கிறவர். முத்திரையால் தீராத பிரச்சனை உலகத்தில் இல்லை என்று நம்புகிறவர். "இதுக்கா இவ்வளவு சத்தம்?" என்றார். "தாலாம் இந்த மாட்டைக் குடுக்கவேயில்லை. பராமரிப்புக்கு விட்டிருக்கார். நம்ம ஆளுங்க ஒருத்தர் மாட்டை இன்னொருத்தர் பட்டியில விடறதில்லையா? கடுதாசி எழுதி முத்திரை வெச்சுத் தர்றேன். முடிஞ்சுது."

எங்கள் பக்கத்தில் அது பழைய வழக்கம்தான். ஒரு பட்டியில் நோய் வந்தாலும் மற்றதில் மாடு பிழைத்திருக்கும். வளர்க்கிறவருக்குப் பால். மாடும் கன்றும் சொந்தக்காரருக்கு.

தாப்லெலே கன்றுக்குட்டியைப் பார்த்தாள். பிறகு ரிப்பனின் வயிற்றைப் பார்த்தாள். "அப்ப கன்னுங்க அவருக்கா?"

"வழக்கம் அதுதானேம்மா."

"அந்த வழக்கத்தை நீங்க உங்க வீட்டுல வெச்சுக்கங்க. மூணாம் ஜாமத்துல முட்டியளவு சேத்துல நின்னு அந்தக் கன்னை இழுத்து வெளிய எடுத்தது நான். தாலாமா வந்தார்?"

"அப்ப வேற வழி இல்லை, ஓட்டிக்கிட்டுப் போவச் சொல்லிட வேண்டியதுதான்," என்றார் வாத்தியார்.

"ஓட்டிக்கிட்டுப் போவட்டும் பாக்கலாம்!"

இந்த இடத்தில்தான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும் என்று ஊரில் சொல்கிறார்கள். ஒரு வேடிக்கைக்காகத்தான் சொன்னேன். "என்னத்துக்கு இவ்வளவு மண்டையை உடைச்சுக்கறீங்க? தாலாம் வீட்டுல பையன் இருக்கான். மூப்பர் வீட்டுல பொண்ணு இருக்கா. மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து பரிசமா பொண்ணுக்கு வந்த மாடுன்னு சொல்லிட்டா எந்தக் கல்லூரி என்ன கேக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. ரிப்பன்கூட அசைபோடுவதை நிறுத்தியது போல எனக்குப் பட்டது.

"பொண்ணுக்கு வந்த மாடுன்னா கன்னு யாருக்கு?" என்றாள் தாப்லெலே மெதுவாக.

"பொண்ணைப் பெத்தவங்களுக்கு," என்றார் சீஃப்.

"பாலு?"

"அதுவும் பொண்ணைப் பெத்தவங்களுக்கு."

"அப்ப அதையே எழுதுங்க."

"அம்மா!" என்றாள் ஜெசிரே.

"சும்மா இரு. நெசமாவா கட்டிக் குடுக்கப் போறோம்? ஒரு கடுதாசிக்குத்தான். நீ ஏரோப்ளேன் ஏறினதும் அடுப்புல போட்டுடலாம்."

"முத்திரை வெச்ச கடுதாசியை அடுப்புல போடக் கூடாது," என்றார் சீஃப்.

மூப்பர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பொய் சொல்ல வாய் வராது."

"நீங்க வாயையே தொறக்க வேணாம் மூப்பரே. நம்ம வழக்கத்துல பொண்ணோட அப்பா பேசாம இருந்தா சம்மதம்னு அர்த்தம்," என்றார் சீஃப்.

மூப்பர் செபோய் அதன்பிறகு பேசாமல் இருந்தார். தன் முழு பலத்தையும் சேர்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். என் ஆயுளில் ஒரு மனிதர் அவ்வளவு கஷ்டப்பட்டு ஒன்றும் செய்யாமல் நின்று நான் பார்த்ததில்லை.

வாசலில் லாரிக்குள் தாலாமின் மகன் கிபிவோட் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தபடி அப்பாவுக்காகக் காத்திருந்தான். நல்ல பையன். மலைப்பாதையில் லாரியைத் திருப்புவதில் கெட்டிக்காரன். மற்றபடி அவனிடம் யாரும் எதுவும் கேட்கிற வழக்கமில்லை. அன்றும் கேட்கவில்லை. கையெழுத்துப் போடத்தான் கூப்பிட்டார்கள்.

"எனக்குக் கல்யாணமா? யாரோட?"

காட்டினார்கள். அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜெசிரேயை ஒருமுறை பார்த்தான். "சரி," என்றான்.

பழுப்பு வெள்ளை நிறப் பசு ஒன்று, தாலாம் வீட்டிலிருந்து, அவர் மகன் கிபிவோட்டுக்கு மூப்பர் செபோயின் மகள் ஜெசிரேயைப் பேசி, வழக்கப்படி வந்து நிற்கிறது என்று கடிதம் தயாரானது. பந்தயம் நடந்த அன்றுதான் மாடு கைமாறியது என்பதற்கும் சீஃப் ஒரு வரி சேர்த்தார். சம்பந்தம் பேச நல்ல நாள் என்று அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்களாம். வாத்தியார் அதை இரண்டு தடவை படித்தார். "இதை அங்க எப்படிப் புரிஞ்சுக்குவாங்கன்னு தெரியலியே," என்று சொல்லிக்கொண்டே அனுப்பிவைத்தார்.

அங்கே எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது பத்தே நாளில் தெரிந்தது. மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பெண்ணைப் பற்றித்தான் வந்தது. முகம் பார்த்துத் தனியாகப் பேச வேண்டும் என்றார்கள்.

எங்கள் மேட்டில் தொலைபேசி தடையில்லாமல் எடுக்கிற ஒரே இடம் என் கடையின் தண்ணீர்த் தொட்டிப் பக்கம். ஜெசிரே அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். திரையில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஓட்டப் பயிற்சியாளர், வெயிலில் கறுத்த மூக்கோடு. இன்னொருத்தி கண்ணாடி போட்டவள், ஏதோ ஓர் அலுவலகத்துக்காரி. நான் கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரே கோப்பையைக் கால் மணி நேரம் கழுவினேன்.

"ஜெசிரே, நீ பயப்படாமப் பேசலாம்," என்றாள் கண்ணாடிக்காரி. "உன் பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

ஜெசிரே என்னைப் பார்த்தாள். "யாருமில்லை," என்றாள். நான் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இந்தக் கல்யாணத்துக்கு உன்னை யாராவது கட்டாயப்படுத்துறாங்களா? ஒரு மாட்டுக்காக உன்னைக் குடுக்கறாங்கன்னா எங்ககிட்ட சொல்லு. இந்த மாதிரிப் பெண்களுக்கு உதவி செய்யவே இங்க ஒரு அலுவலகம் இருக்கு."

ஆமாம் என்றால் என்ன ஆகும்? போலீஸ் வருமா, அப்பா மேடைக்குப் பக்கத்தில் உட்கார முடியுமா, மாடு திரும்பப் பரிசாகிவிடுமா என்றெல்லாம் அந்தப் பெண் யோசித்திருக்க வேண்டும். ஐயாயிரம் மீட்டரில் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காதவள், அன்று சாலையைத் திரும்பிப் பார்த்தாள். கிபிவோட்டின் லாரி சேற்றில் மாட்டிக்கொண்டிருந்தது. அவன் இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்துக்கொண்டிருந்தான்.

"கட்டாயமில்லை," என்றாள். "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பொறுமைசாலி. நாலு வருஷம் எனக்காகக் காத்திருப்பார். படிச்சு முடிச்சுட்டு வான்னு சொல்லியிருக்கார்."

பயிற்சியாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடிக்காரி எதையோ எழுதிக்கொண்டாள்.

தொலைபேசியை வைத்ததும் ஜெசிரே என் பக்கம் திரும்பினாள். "எல்லாம் கேட்டுச்சா அத்தை?"

"எனக்கு இங்கிலீஷ் என்ன தெரியும் கண்ணு?"

"ஆமா. பொறுமைசாலின்னு சொன்னப்ப நீங்க சிரிச்சீங்களே, அப்பவே தெரிஞ்சுது."

மூன்று வாரத்தில் இடம் உறுதியானது. ஆகஸ்டில் அவளை விமானம் பிடிக்க எல்டோரெட் நகரம் வரை தாலாமின் லாரியிலேயே ஏற்றி அனுப்பினோம். வழியனுப்புகிற எங்கள் வழக்கப்படி, கரி பூசிய குடுக்கையிலிருந்து புளித்த பாலைக் குடிக்கக் கொடுத்தாள் தாப்லெலே. ரிப்பனின் பால். வண்டியை ஓட்டியது கிபிவோட். அவள் இறங்கும்போது அவன் ஒரு விஷயம்தான் கேட்டானாம். "ஒவ்வொரு பந்தயத்துலயும் எவ்வளவு நேரத்துல ஓடினேன்னு எனக்குச் சொல்லுவியா?" சொல்லுகிறேன் என்றாளாம்.

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. சீஃப் வீட்டில் ஒரு பிரதி, தாலாம் வீட்டில் ஒரு பிரதி. கிபிவோட் தன் பிரதியைச் சட்டம் போட்டு மாட்டினான். அவன் வாழ்க்கையில் அதுவரை பார்த்த முத்திரைகளெல்லாம் போக்குவரத்துப் போலீஸ் போட்டவை. சந்தோஷமான முத்திரை இது ஒன்றுதான்.

இதில் முதலில் மாட்டிக்கொண்டது தாப்லெலே. மாமியார் மருமகன் முகத்தைப் பார்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. எதிரே வந்தால் ஒதுங்க வேண்டும். அவன் சாப்பிடுவதை அவள் பார்க்கக் கூடாது, அவள் சாப்பிடுவதை அவன் பார்க்கக் கூடாது. கிபிவோட் இதைச் சட்டமாக எடுத்துக்கொண்டான். வளைவுக்கு அரை மைல் முன்னாலேயே ஹாரன் அடிப்பான், அத்தை ஒதுங்கட்டும் என்று மரியாதையாக. தாப்லெலே பால் கேனோடு சோளக் கொல்லைக்குள் பாய்வாள். அவன் ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்த வழியில் போவான். அந்த வருடம் தாப்லெலே ஓடிய ஓட்டத்துக்கு அமெரிக்கா அவளுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கலாம்.

"உன்னாலதான் இந்தக் கதி, கிமாயோ அம்மா," என்று ஒருநாள் என் கடை வாசலில் நின்று முள்ளைப் பிடுங்கிக்கொண்டே திட்டினாள்.

"என்னாலயா? கன்னு யாருக்குன்னு கேட்டது யாரு?"

கன்றுகள் வந்துகொண்டுதான் இருந்தன. ரிப்பன் இன்னும் இரண்டு போட்டாள். ரிப்பனின் மூத்த மகளும் ஒன்று போட்டாள். மூன்றாம் வருடம் தாப்லெலேயின் பட்டியில் ரிப்பன் குடும்பம் மட்டும் ஐந்து தலை. வீட்டுக்குப் புதுத் தகரக் கூரை வந்தது. முள் குத்திய காலோடு பால் ஊற்றப் போகிறவள் முகத்தில் ஒரு மிடுக்கும் வந்தது.

அடுத்து மாட்டிக்கொண்டது தாலாம். ஜெசிரே முதல் பருவத்திலேயே எதையோ ஜெயிக்க, கல்லூரி தன் பத்திரிகையில் அவளைப் பற்றி எழுதியது. ஒரு பசுவுக்குப் பேசி முடிக்கப்பட்ட பெண், கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஓடி வந்து படிக்கிறாள் என்று நெஞ்சு உருக எழுதியிருந்தார்கள். அது தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னால் எங்கள் மேட்டில் எல்லார் தொலைபேசிக்கும் வந்து சேர்ந்தது. எதிர் வேட்பாளர் வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, பள்ளிக்கூடப் பெண்களை மாட்டுக்கு வாங்குகிறவருக்கா உங்கள் ஓட்டு என்று கேட்டுக்கொண்டே போனார். அவருக்கு மூன்று மனைவிகள், ஒவ்வொருத்திக்கும் எட்டு மாடு கொடுத்துக் கட்டியவர். தாலாம் முப்பத்தொரு ஓட்டில் தோற்றார். நல்லது செய்யப் போய் இப்படி ஆனதே என்று என் கடையில் உட்கார்ந்து அழுதார். நான் சர்க்கரை கூடப் போட்டு டீ கொடுத்தேன்.

மூன்றாம் வருடம் ஜூலையில் ஜெசிரே திடீரென்று வந்து இறங்கினாள். நல்ல ஷூ, பழைய நடை. நேராக வீட்டுக்குப் போகாமல் வாத்தியாரைத் தேடி என் கடைக்கு வந்தாள்.

"வாத்தியாரே, அங்க எனக்குப் பகுதி நேர வேலை குடுத்திருக்காங்க. எங்க தெரியுமா? அந்தப் படிவங்களைப் படிக்கற அலுவலகத்துல. அந்தக் கண்ணாடி மேடமோட அறையிலேயே."

வாத்தியார் டீயைக் கீழே வைத்தார்.

"போன மாசம் பக்கத்து மேட்டுலேர்ந்து ஒரு பெண்ணோட படிவம் வந்துச்சு. பதினோராம் கேள்விக்கு ஆமான்னு எழுதி, ரெண்டு ஆடு ஜெயிச்சேன்னு போட்டிருந்தா. நான் பதறிப் போயிட்டேன். மேடம் ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. 'திருப்பிக் குடுத்துட்டேன்னு ஒரு வரி எழுதச் சொல்லு, போதும்'ன்னாங்க. அவ்வளவுதான். தெரியாம வாங்கினதைத் திருப்பிக் குடுத்தா ஒண்ணுமேயில்லை. ஒரே ஒரு வரி."

வாத்தியார் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "எங்க காலத்துல அந்த வரி இருந்துச்சான்னு எனக்குத் தெரியலம்மா," என்றார்.

"நான் அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கடுதாசி பொய்னு. மூணு நாள் அவங்க என்கிட்ட பேசல. பொய்க் கடுதாசிக்கு ரெண்டு பந்தயத்துல ஓட விடாம உக்கார வெச்சிருக்காங்க. மாட்டைத் திருப்பிக் குடுத்துட்டு வந்தா கடைசி வருஷத்துக்கும் இடம் உண்டு. இல்லேன்னா பெட்டியைக் கட்டணும்."

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு, என் கடைக்கு எதிரே, அந்த ஊர்வலம் போனது. முன்னால் ஜெசிரே. கையில் ரிப்பனின் கயிறு. பின்னால் ரிப்பனின் மகள்கள் இருவர், ஒரு காளைக் கன்று, ஒரு பேத்தி. அதற்குப் பின்னால் தாப்லெலே. கடைசியில் மூப்பர், பேசாமல்.

"ஒண்ணுதானேடி அமெரிக்கா கேட்டுச்சு! ஒண்ணு! அஞ்சையும் எதுக்குடி ஓட்டறே?"

"அமெரிக்கா கேட்டது ஒண்ணும்மா. கடுதாசி கேக்கறது அஞ்சு."

"எந்தக் கடுதாசி?"

"நீங்க எழுதச் சொன்ன கடுதாசி. சம்பந்தம் வேணாம்னா மாட்டைக் கன்னோட திருப்பணும். வழக்கம் அதுதானே? காலைலதான் சீஃப்கிட்ட கேட்டேன்."

"கன்னோட," என்றார் சீஃப். திருப்பிக் கொடுத்ததற்கு முத்திரை வைக்க அவரும் கூட நடந்துகொண்டிருந்தார். "அன்னிக்கே பராமரிப்பு மாடுன்னு எழுதியிருந்தா மூணு வருஷப் பாலாவது கேள்வியில்லாம உங்களுக்குன்னு ஆகியிருக்கும். அன்னிக்கே திருப்பியிருந்தா ஒண்ணோட போயிருக்கும்."

"நீர் வாயை மூடும்!"

தாலாம் வீட்டு வாசலில் கிபிவோட் நின்றிருந்தான். யாரோ முன்னாலேயே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். (நான் குறுக்கு வழியில் போனேன், எனக்கு முழங்கால் வலி.) அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"மூணு வருஷமா போன்ல நல்லாத்தானே பேசினே?"

"நீங்க ஓட்ட நேரம் கேட்டீங்க. சொன்னேன். வேற என்ன பேசினோம், சொல்லுங்க?"

அவன் யோசித்தான். நேர்மையான பையன். "வேற ஒண்ணும் பேசல," என்றான்.

"உங்களை வெச்சு நான் பொய் சொல்லிட்டேன். பொறுமைசாலின்னு. அது மட்டும் பொய்யில்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. மன்னிச்சுக்கங்க."

கிபிவோட் சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு சிறிய நோட்டை எடுத்தான். பக்கம் பக்கமாகத் தேதியும் நேரமும். அவள் ஓடிய ஒவ்வொரு பந்தயமும். "ஐயாயிரத்துல பதினாறு நிமிஷத்தை உடைச்சுட்டியா? ஏப்ரலுக்கப்புறம் நீ சொல்லலியே."

"மே மாசம் உடைச்சேன். பதினஞ்சு ஐம்பத்தெட்டு."

அவன் அதை எழுதிக்கொண்டான். தேதியையும் கேட்டு எழுதிக்கொண்டான். பிறகு நோட்டைப் பையில் போட்டுவிட்டு அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கினான். ரிப்பன் அவன் பின்னால் போனாள். மற்ற நான்கும் ரிப்பன் பின்னால் போயின.

பட்டிக் கதவு சாத்தியதுதான் தாமதம். தாப்லெலே நிமிர்ந்தாள். இனி அவள் மாமியார் இல்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கிபிவோட்டின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, சோளக் கொல்லை, முள், கவிழ்ந்த பால் கேன், அரை மைல் ஹாரன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆரம்பித்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டான். நடுவில் ஒருமுறை, "நான் மரியாதைக்குத்தான் அத்தை அடிச்சேன்," என்றான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. சீஃப் ஓரமாக நின்று, எல்லாம் முடியட்டும் என்று முத்திரையை ஊதிக்கொண்டிருந்தார்.

மூப்பர் செபோய் அந்த ஞாயிறு சபையில் எழுந்து, தான் மூன்று வருடமாகப் பேசாமல் இருந்த ஒரு காரியத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். ஒன்றரை மணி நேரம் பேசினார். அதன்பிறகு அவரை யாரும் பேசச் சொல்லவில்லை.

மறு வருடம் டிசம்பரில் கிபிவோட்டுக்குக் கல்யாணமானது. பெண் என் தங்கை மகள் நவோமி. விடுமுறைக்கு என் கடையில் கோப்பை கழுவ வந்திருந்தாள். அவன் டீ குடிக்க வந்தான், இரண்டு பேருக்கும் எப்படியோ பிடித்துப்போயிற்று. இதில் என் கை இருக்கிறது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எட்டு மாடு வந்தது. அதில் ஒன்று ரிப்பன், மறுபடி சினையாக. என் தங்கை இருப்பது கீழே பள்ளத்தாக்கில். அங்கே வெயிலுக்கு நல்ல மாடு தாங்காது. அதனால் ரிப்பனைப் பராமரிப்புக்கு என் பட்டியில் விட்டிருக்கிறார்கள். பால் எனக்கு, கன்று தங்கைக்கு. கடிதம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. தாப்லெலே என் கடைப் பக்கம் பார்க்காமல்தான் போகிறாள். ரிப்பன்தான் அவளைக் கண்டால் கழுத்தை நீட்டிக் கத்துகிறாள்.

வாத்தியார் இப்போது பந்தயங்களுக்குப் போனால், பரிசு மேடைக்குப் பக்கத்திலேயே நின்று, நாலு கால் உள்ள எதையும் என் பெண்களுக்குக் கொடுக்காதீர்கள் என்று சத்தம் போடுகிறார்.

ஜெசிரே கடைசி வருடமும் ஓடிப் பட்டம் வாங்கினாள். திரும்பி வரவில்லை. அந்த அலுவலகத்திலேயே வேலையாகிவிட்டது. அந்த ஊர்ப் பல் மருத்துவர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடாத ஆள் என்று கேள்வி. மாப்பிள்ளை வீட்டிலிருந்து எத்தனை மாடு வரும் என்று தாப்லெலே தொலைபேசியில் கேட்டாளாம். என் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றுதான் கேட்டாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவர்களிடம் ஒரு நாய் இருக்கிறது என்று பதில் வந்தது.